சுண்ணாம்பு தூவிய தாழ்வாரம்

அந்தப் புரட்டாசியின் முதல் சனிக்கிழமை, எங்கள் தெருவிலேயே பெரிய வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து பிச்சைக்கு நின்றார். நெற்றி நிறைய நாமம், மஞ்சள் வேட்டி, கழுத்தில் துளசி மாலை, கையில் நாமம் போட்ட பித்தளைச் சொம்பு. பின்னால் சங்கு ஊத ஒருவன், சேகண்டி தட்ட ஒருவன், சொம்பு நிறைந்தால் அரிசியைக் கொட்டிக்கொள்ளக் கூடையோடு ஒருவன். ஒரு பிச்சைக்காரருக்கு மூன்று வேலைக்காரர்கள் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆம்பூரில் ஆவாரம்பட்டை மண்டி வைத்திருந்தவர் அவர். ஊரில் இருந்த தோல் பதனிடும் கிடங்குகளுக்குப் பட்டையும் சுண்ணாம்பும் பெரும்பாலும் அவர் மண்டியிலிருந்துதான் போகும். அவருடைய மகள் வயிற்றுப் பேரனுக்கு இழுப்பு நோய். பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார். புரட்டாசி முழுக்கச் சனிக்கிழமைதோறும் தெருவில் ஒரு வீடு விடாமல் தன் கையாலேயே பிச்சை வாங்கி, அந்த அரிசியைப் பொங்கிப் படைத்து, வீட்டோடு சாப்பிட்டு, மாதக் கடைசியில் சோளிங்கர் மலை ஏறுவதாக வேண்டுதல். ஒரு வீட்டில் இல்லை என்று சொன்னாலும் பிரார்த்தனை பலிக்காது என்று கோயில் பட்டர் சொல்லியிருந்தார். தெரு முழுக்கத் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். தெரிந்துதான் காலையிலேயே அரிசிப் பானையை மூடி, அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்திருந்தேன்.

"வெங்கட்ரமணா... கோவிந்தா!"

நான் நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இந்த ஒரு நாளுக்காகத்தான் பெருமாள் என்னை இந்தத் தெருவில் கொண்டுவந்து குடிவைத்தார் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் அப்பா வண்டிக்காரர். மாதனூர்ப் பக்கத்துக் கிராமம். மலையடிவாரத்தில் உரித்த ஆவாரம்பட்டையை ஆம்பூருக்கு ஏற்றி வருவார். ஊரெல்லாம் விஷக் காய்ச்சல் வந்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். வண்டியும் மாடும் பெரியப்பா வீட்டுக்குப் போயின. வீடும் பெரியப்பாவுடையதுதான் என்று பிறகு தெரிந்தது. அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஆம்பூருக்கு நடந்தாள். கிடங்கில் ஏதாவது வேலை கிடைக்கும் என்று நினைத்தாள். காய்ச்சல் கண்ட வீட்டிலிருந்து வந்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கேட் வாசலிலேயே விரட்டினார்கள்.

அன்று சாயங்காலம் மழை கட்டிக்கொண்டு வந்தது. கடைத்தெருவில் தாழ்வாரம் இருந்த இடத்திலெல்லாம் எங்களைப்போல யாராவது முடங்கிக் கிடந்தார்கள். ஒரு மண்டியின் தாழ்வாரம் மட்டும் காலியாக இருந்தது. தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத் தூள். அந்த வருஷம் காய்ச்சலுக்குப் பயந்து முனிசிபாலிட்டி ஆட்கள் சாக்கடை ஓரமெல்லாம் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார்கள். செத்த வீட்டு வாசலிலும் தூவுவார்கள். சுண்ணாம்பு கிடந்தால் நோய் அண்டாது என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"பாரு, எவ்ளோ சுத்தமா வச்சிருக்காங்க. நல்ல மனுசங்க," என்றாள் அம்மா.

ஊர் புரியாதவள் செய்த தப்பு இது. ஆம்பூரில் பழகிய பிச்சைக்காரர் யாரும் அந்தப் பக்கம் ஒதுங்க மாட்டார்கள். அது கிடங்குக் குழியில் போட்டுத் தோலிலிருந்து மயிரை உதிர்க்கிற நீற்றாத சுண்ணாம்பு. வீடில்லாதவர்கள் வந்து படுக்கக் கூடாது என்றே மண்டிக்காரர் கடை மூடும்போது தூவச் சொல்லியிருந்தார். அம்மா தன் முந்தானையை விரித்து அதன்மேல் என்னைப் படுக்க வைத்தாள். காலை மட்டும் வெறும் தரையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். நடந்து வந்த அசதி. சாரல் உள்ளே அடித்தது.

சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அம்மா போட்ட சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. எரிச்சல் தாங்காமல் தாழ்வாரத்துத் தண்ணீரிலேயே காலை வைத்துத் தேய்த்தாள். அது இன்னும் வெந்தது.

விடிந்ததும் மண்டிக்காரர் வந்தார். அம்மா வெந்த காலைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு, "சாமி, கொழந்தைக்கு ஏதாச்சும் குடுங்க சாமி, ராத்திரியெல்லாம் பட்டினி," என்றாள். காலைக் காட்டிக் கேட்க அவளுக்கு வெட்கம். பிச்சை கேட்டுப் பழகாதவள்.

அவர் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்துகொண்டே, "கை காலு நல்லாதான கீது? வேல செஞ்சி துன்னக் கூடாதா?" என்றார்.

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். எதிர்க்கடைக்காரர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். சுமைக்காரர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அது என்ன சுண்ணாம்பு என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு ஆள் வாய் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் என்னிடம், "அங்க போய் ஏம்மா படுத்தீங்க?" என்று கேட்டார். தப்பு எங்களுடையதுதான் என்கிற மாதிரி.

அம்மாவின் கால் சீழ் பிடித்து ஆறுவதற்குள் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதன்பிறகு அவள் நிமிர்ந்து நடக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்வாள். எனவே தெருத்தெருவாய்ப் போய்க் கேட்கும் வேலை என்னுடையதாயிற்று. ஆம்பூர்க்காரர்களை வாசல் வழியாகத்தான் நான் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த வீட்டில் இல்லை என்ற சொல் வராது. "கை வேலையா கீது, மேல போ" என்பார்கள். அர்த்தம் ஒன்றுதான், ஆனால் லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். சில வீட்டில் நேற்றைய சோற்றைப் போட்டுவிட்டு, நாம் தின்கிற வரையில் நின்று பார்ப்பார்கள். தின்றால், "பாவம்" என்பார்கள். முகத்தைச் சுளித்தால் தொலைந்தோம். ஒரு வாத்தியார் வீட்டில் சோறு கிடையாது, புத்தி மட்டும் கிடைக்கும். பாய்மார் தெருவில் ரம்ஜான் மாசத்தில் அரிசி அளந்து போடுவார்கள், கேள்வி கிடையாது. மற்ற மாசத்தில் அங்கேயும் நாயை ஏவித்தான் விரட்டுவார்கள். ஜவுளிக்கடை வாசலில் யாராவது பெரிய மனிதர் நிற்கும்போது போய்க் கேட்டால் கட்டாயம் கிடைக்கும். தனியாக இருக்கிற பணக்காரரிடம் போவது வீண் வேலை. தர்மம் தலை காக்கும் என்பார்களே, நான் பார்த்தவரையில் அதற்கு நாலு பேர் பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு டாக்டரம்மா வீட்டில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தேன். அங்கேயே தையல் கற்றேன். தையல்காரருக்கே வாழ்க்கைப்பட்டேன். இரண்டு பேரும் மிஷின் மிதித்து, கடைசியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இந்தத் தெருவில் ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். வந்த பிறகுதான் தெருக்கோடியில் இருக்கும் மச்சுவீடு யாருடையது என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர், "வேற எடம் பாக்கலாமா?" என்று கேட்டார். "வேணாம், இங்கயே இருக்கலாம்," என்றேன். பழி வாங்க வழி ஏதும் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பது நல்லது என்று பட்டது.

அந்த மனிதர்தான் இப்போது என் வாசலில் சொம்பை நீட்டிக்கொண்டு நின்றார்.

நான் தெரு கேட்கச் சொன்னேன். "கை காலு நல்லாதான கீது? வேல செஞ்சி துன்னக் கூடாதா?"

சங்கு நின்றது. சேகண்டியும் நின்றது. பக்கத்து வீட்டம்மா முறத்தில் அரிசியோடு ஓடி வந்து, "அடிப்பாவி, அது பெருமாள் பிச்சைடி! அப்பிடிச் சொல்லாத!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சனங்கள் வாசலுக்கு வந்தார்கள். எங்களை மண்டியில் விரட்டின அன்று வாய் திறக்காத ஊருக்கு அன்றைக்கு எத்தனை வாய்!

அவர் என்னையே பார்த்தார். அவருக்கு ஒன்றும் நினைவில்லை. மறந்துவிட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. மறக்க வேண்டுமானால் முதலில் மனதில் வைத்திருக்க வேண்டுமே. நான் இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்துப் பொத்திக் காத்த வார்த்தை அவருக்கு யாரோ பைத்தியக்காரி சொன்ன வார்த்தை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா நீ... இது பிரார்த்தனைம்மா. ஒரு பிடி போட்டாப் போதும். கொழந்தைக்காகக் கேக்கறேன்," என்றார். குரல் இறங்கிவிட்டது.

கொழந்தைக்காக. அம்மாவும் அதைத்தான் சொன்னாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், கல்யாணச் சாப்பாட்டில்கூட அப்படி ஒரு நிறைவு எனக்கு வந்ததில்லை. "மேல போங்க," என்றேன்.

அவர் சொம்பை இன்னும் கொஞ்சம் நீட்டினார். அழுதுவிடுவார் போலிருந்தது. அழட்டும் என்று நின்றேன்.

அப்போது உள்ளே குழவி உருளுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா பானையைத் திறந்து மடி நிறைய அரிசியை வாரிக்கொண்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வந்துகொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீ உள்ள போ," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "இவனுக்கா போடப் போற?"

அம்மா என் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்துக் காதில் சொன்னாள். "போடாம வுட்டா திட்டிக்கினே பூடுவான். நாளைக்கு மறந்துடுவான். போட்டா துன்னுவான். நம்ம அரிசிய அவன் துன்னணும்டி. நவுரு."

நான் நகர்ந்தேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, சேலையை முழங்கால்வரை ஒதுக்கி, இரண்டு காலையும் தெருப்பக்கம் நீட்டினாள். அவளால் எழுந்து நிற்க முடியாது. அதனால் மண்டிக்காரர் குனிந்தார். குனிந்தும் அவள் கைக்கு எட்டவில்லை. மண்டி போட்டார். நாமம் போட்ட நெற்றி அம்மாவின் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கருகிச் சுருங்கிய தோலையும் ஒட்டிப்போன விரல்களையும் பார்க்காமல் இருக்க அவருக்கு வழியில்லை.

"காலுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்றார். உபசாரமாகத்தான் கேட்டார்.

"சுண்ணாம்புங்க," என்றாள் அம்மா.

"எங்க?"

"ஒங்க மண்டித் தாழ்வாரத்துல. காச்ச வந்த வருசம், மழ அடிச்ச அன்னிக்கி."

சொல்லிவிட்டு அரிசியைப் போட ஆரம்பித்தாள். ஒரேயடியாகப் போடவில்லை. பிடியை இறுக்கி, இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். சொம்பில் அரிசி விழுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அவர் அசையவில்லை, அசையவும் முடியாது, பாதியில் எழுந்தால் பிரார்த்தனை போய்விடும். சொம்பு நிறைந்ததும், "கூடையில கொட்டிக்கினு வாங்க, இன்னம் கீது," என்றாள். கொட்டிக்கொண்டு வந்து மறுபடியும் மண்டி போட்டார். முடிந்ததும் கோவிந்தா சொல்ல வேண்டும். சங்கு ஊதுகிறவன்தான் சொன்னான்.

தன் கையால் வாங்குவதாக வேண்டியிருந்ததால் ஆள் அனுப்ப முடியாது. அந்த மாசத்துச் சனிக்கிழமை எல்லாம் அவரே வந்தார். சனிக்கிழமை விடிந்தால் அம்மா தலைக்குக் குளித்து, காலுக்கு எண்ணெய் தடவி, வடு பளபளக்க வாசற்படியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எங்கள் வீட்டில் அந்த மாசம் அரிசி சீக்கிரம் தீர்ந்தது. நாங்கள் கேழ்வரகுக் களி கிண்டித் தின்றோம். அம்மா அத்தனை ருசியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பேரன் தேறினான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளையோடு எனக்கு என்ன வழக்கு? மண்டித் தாழ்வாரத்தில் சுண்ணாம்பு தூவுவதையும் அவர் நிறுத்திவிட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால் தாழ்வாரத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார். ஊரில் எல்லோரும் அவர் மனசு மாறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த புரட்டாசி வந்தது. முதல் சனிக்கிழமை அம்மா குளித்து, மடியில் அரிசியோடு வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சங்கு சத்தம் கேட்கிறதா பார் என்று என்னைத் தெருக்கோடிவரை அனுப்பினாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"வேண்டுதல்தான் தீந்துடிச்சே. பேரன் நல்லா கீறான். இனிமே எதுக்கு வரப்போறாரு? உள்ள வா," என்றேன்.

அம்மா காலை மடக்கவில்லை.

"வருவான்," என்றாள். "சாமி இன்னொரு கஷ்டம் குடுக்காமலா பூடும்?"