பரவசம் என்று கைதட்டினார்கள்

அந்த வீடியோ ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என் போனுக்கு வந்தது. அருங்கொடை செபக்கூட்டத்தில் (பாடி, கைதட்டி, நோய் குணமாக வேண்டி நடக்கும் வழிபாடு) என் தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாயிலிருந்து வந்தது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. சொற்கள் குழைந்து குழைந்து விழுந்தன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கீழே எழுதியிருந்தார்கள்: "நம் பங்குத்தந்தைக்குப் பரவசப் பேச்சு வரம் இறங்கியது."

பரவசப் பேச்சு என்றால் தூய ஆவி இறங்கும்போது தெரியாத மொழியில் பேச வரும் என்பது. நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் முப்பத்திரண்டு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். வீடியோவில் அவருடைய வாய் வலது பக்கம் தொங்கியிருந்ததை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டு கும்பிடு பொம்மை அனுப்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்ட எனக்கு வசதியாக இருக்கும்.

தம்பி ஞானராஜ் கத்தோலிக்கக் குரு. கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு சிற்றூரில் ஒன்பது வருடமாகப் பங்குச் சாமி. காலையில் பூசை, பகலில் பள்ளிக்கூடம், மாலையில் வீடு மந்திரிப்பது (செபித்து ஆசீர்வதிப்பது), நடுவில் கல்லறையில் இடத்தகராறு என்று யார் கூப்பிட்டாலும் பைக்கை எடுத்துவிடுவார். ரத்த அழுத்தம் இருந்தது. மாத்திரையும் இருந்தது. ஆனால் தவக்காலம் வந்தால் நாற்பது நாளும் மதியம்வரை ஒன்றும் சாப்பிட மாட்டார். வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று யாரோ சொன்னார்களாம், அதனால் காலை மாத்திரையையும் சேர்த்து ஒறுத்துவிட்டார். நோன்பு என்றால் மாத்திரைக்குமா நோன்பு? அவரிடம் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் தவக்காலம்தான். பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். அந்தக் கூட்டங்களில் விழுவதற்கும் ஒரு பெயர் உண்டு. ஆவியில் இளைப்பாறுகிறார் என்பார்கள். அதனால் அவரைத் தூக்காமல் மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டுச் சுற்றி நின்று பாடினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடியிருக்கிறார்கள்.

கடைசியில் அவரைக் காப்பாற்றியது ஒரு ஆட்டோக்காரர். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் நாமம். கூட்டத்துக்கு வந்த ஒரு பாட்டியைத் திரும்பக் கூட்டிப்போக வாசலில் நின்றவர் எட்டிப் பார்த்திருக்கிறார். "இது பக்கவாதங்க. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வாய் கோணுச்சு" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் தூக்கிப் போட்டுக்கொண்டு திருச்சிக்கு வந்துவிட்டார். சாமியைத் தொட்டுத் தூக்கியதற்கு அவரோடு சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

செய்தி கேட்டு நான் ஓடிப்போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக அடைத்திருக்கிறது, அதைக் கரைக்கும் ஊசியைச் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், அதற்குப் பிறகு போட்டால் ஆபத்து என்றார். ஒருவருக்கும் நேரம் சொல்லத் தெரியவில்லை. காலையில் பூசையிலேயே நாக்குக் குழறியது என்று பூசையில் அவருக்கு உதவும் உபதேசியார் அப்போதுதான் மெல்லச் சொன்னார். நான் வீடியோவைக் காட்டினேன். டாக்டர் இரண்டு முறை பார்த்தார்.

"இதை எடுத்தவங்க பக்கத்துலதான நின்னிருக்காங்க?" என்று கேட்டார்.

ஊசி போடும் நேரம் கடந்துவிட்டிருந்தது.

உயிர் பிழைத்தார். வலது கை தொங்கிப்போனது. பேச்சு முழுக்கப் போய்விட்டது. அஃபேசியா (மூளையில் பேச்சை ஆளும் இடம் பழுதாகிச் சொற்கள் அகப்படாமல் போவது) என்று எழுதிக் கொடுத்தார்கள். புத்தி தெளிவாக இருக்கும், நாக்கு அசையும், சொல் மட்டும் கிடைக்காது. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முடியாமல் என் தம்பி கண்ணீர் விட்டதை நான் பார்த்தேன். நோயாளியைக் கவனிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நோயாளிக்குப் புரியவில்லை என்று நினைத்து அவர் முன்னால் எதையும் பேசாதீர்கள். அத்தனையும் புரிகிறது.

பத்தாம் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து கர்த்தர் கற்பித்த செபத்தை முணுமுணுத்தேன். தம்பி கூடவே சேர்ந்து முழுச் செபத்தையும் தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தார். டாக்டரிடம் ஓடினேன்.

"நல்ல விஷயந்தாம்மா. ஆனா இது பேச்சு இல்ல. ஆயிரக்கணக்கான தடவை சொன்னது மூளையில வேற இடத்துல தானா ஓடும். இத நம்பி பேச்சுப் பயிற்சிய விட்டுடாதீங்க. முதல் சில மாசந்தான் முக்கியம்" என்றார்.

நான் விடவில்லை. ஊர் விட்டுவிட்டது. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைத் துணைத் தலைவர் அருளப்பன் அன்று மாலையே புதுமை (அற்புதம்) நடந்துவிட்டது என்று செய்தி அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியை எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுக்குக் கூட்டிவந்ததும் வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். சாமி ஒரு தடவை சொல்லுங்க, குழந்தை தலையில் கை வைத்துச் சொல்லுங்க, கேன்சர்காரர் வந்திருக்கார் சொல்லுங்க. தம்பி சொல்லுவார். சொல்லி முடித்ததும் அவர்கள் அழுதுகொண்டே கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர் பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் வேட்டியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புதுமையாம் புதுமை!

வாரம் மூன்று நாள் உறையூரில் பேச்சுப் பயிற்சி. ஷமீமா என்ற சின்னப் பெண்தான் பயிற்சியாளர். செபத்தை நிறுத்தச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதையே பிடித்துக்கொண்டாள். அவரைச் சொல்ல விட்டு, உணவு என்ற சொல் வந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அவர் முன்னால் ஒரு இட்லியை வைப்பாள். மறுபடி ஓட விடுவாள், மறுபடி நிறுத்துவாள். ஓடுகிற சொல்லைப் பிடித்து நிறுத்தி அதைச் சொந்தச் சொல்லாக ஆக்குவது அந்தப் பயிற்சி. மூன்று வாரம் கழித்து, செபம் இல்லாமல், இட்லியைப் பார்த்து "உணவு" என்றார். நான் ஹாலுக்கு வெளியே போய் அழுதேன்.

இது ஊருக்குத் தெரிந்ததும் வந்தது வினை. ஆண்டவரின் செபத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள், அதுவும் ஒரு முஸ்லிம் பெண் வெட்டுகிறாள் என்று பேசினார்கள். பயிற்சிக்குப் போகிற நாளாகப் பார்த்து வேன் வந்து நிற்கும். இத்தனை தூரம் வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று தம்பி கண்ணாலேயே கெஞ்சுவார். ஒரே மாதத்தில் ஐந்து வகுப்புப் போயிற்று.

நாலாவது மாதம் அருளப்பன் ஒரு பஸ் நிறையக் கூட்டிவந்தார். என் வீட்டு ஹாலில் இடமில்லாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தார். தம்பி சேரில் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, செபத்தைச் சொல்லுங்க. எல்லாரும் காத்திருக்காங்க" என்றார் அருளப்பன்.

தம்பி வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"மாட்டேன்."

அருளப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாலு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்ட நான் வாயெடுத்தேன். தம்பி இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"அக்கா... நான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது.

"அன்னைக்கு... விழுந்தேன். ஏன்... கை... தட்டினீங்க?"

போனைப் பிடித்திருந்தவர் கையை இறக்கினார். அருளப்பன் தரையைப் பார்த்தார். நானும்தான் தரையைப் பார்த்தேன். கும்பிடு பொம்மை அனுப்பியவள் வேறு எங்கே பார்ப்பது?

அதற்குப் பிறகு வேன் வரவில்லை. நோய் முற்றிச் சாமிக்குக் கோபம் வருகிறது என்று ஊரில் பேச்சாம். வரட்டும். என் தம்பி பூசை வைக்கும் அளவுக்குத் தேறுவாரா என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்.

இப்போதும் வாரம் மூன்று நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி உறையூர் போகிறோம். வலது கை மடியில் கிடக்கும், சில்லறையை இடது கையில் வைத்திருப்பார். எங்கே போகணும் என்று கண்டக்டர் அவரைக் கேட்பார். பதில் வராததால் என்னைப் பார்ப்பார். முன்பெல்லாம் நானே சொல்லிவிடுவேன். இப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்கிறேன். பின்னால் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஊர்ப்பெயர் அவர் வாய்க்கு வந்து சேர இரண்டு ஸ்டாப் ஆகிறது. ஆகட்டும். அவர் சொல்லும்வரை டிக்கெட் கிழிக்கக் கூடாது என்று கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.