தயவைத் தேடிய வக்கீல்

அந்தக் காலத்தில் எனக்கு வாய் நீளம். திருவாரூர்ப் பக்கம் கல்லூரியில் பாடம் நடத்துவேன், மாலையானால் மேடை. "காலத்தின் குரலை மக்களுக்குக் கூறுபவனே அறிவாளி!" என்று அடுக்குமொழியில் முழங்கினால் கைதட்டலும் வரும், சோடாவும் வரும். காலம் என் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போகிறது என்றே நம்பியிருந்தேன்.

அப்போதுதான், குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த நடவாட்களுக்கு நானே மனு எழுதித் தருகிறேன் என்று சைக்கிளை மிதித்தேன். முந்தின அறுவடையில் கூலி உயர்வு கேட்டு அவர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் குடிசைகளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் மிராசுதார். மனு தோற்றால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது.

முதல் மனு, நடவுக்கு ஆள் சேர்த்து முன்நின்று நடத்தும் ஒரு பெண்ணுக்கு. என் வயதுதான் இருக்கும். இரண்டு பக்கம் எழுதி உரக்கப் படித்தேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் கையை நீட்டி நிறுத்தினார்.

"சார், என்னமோ தயவுன்னீங்களே, அதைத் திரும்பப் படிங்க."

"'மிராசுதார் அவர்களின் தயவில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்து வருகிறோம்.' அது சும்மா மரியாதைக்குங்க. மனுன்னா அப்படித்தான் எழுதறது."

"அதைத்தானே அவரும் ஆபீசர்கிட்ட சொல்லப் போறாரு? பாவம் பாத்து ஒண்ட விட்டேன், இப்ப எழுந்திரிச்சுப் போகட்டும்னு. தயவுல தங்குனா விருந்தாளி சார். நாங்க குடி."

எனக்குச் சுருக்கென்றது. ஊர் ஊராகத் தொண்டை கிழியக் கத்திய நான், மிராசுதாரின் வாதத்தை என் கையாலேயே, அதுவும் அழகான கையெழுத்தில், எழுதிக் கொடுக்க இருந்தேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிடச் சந்தோஷம்தான் அதிகம். எழுந்து குதிக்கவேண்டும் போலிருந்தது. நான் மேடையில் ஒரு மணி நேரம் சுற்றி வளைத்ததை இந்தப் பெண் இரண்டு சொல்லில் முடித்துவிட்டாரே!

தாளைக் கிழித்துப் போட்டேன்.

"எப்படி எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க."

"பள்ளமா கெடந்த எடம். எங்க தாத்தா மண்ணு சுமந்து கொட்டி மேடாக்குனாரு. அன்னையிலேருந்து நாங்க குடியிருக்கோம். அவ்வளவுதான்."

நான்கே வரி. மற்ற மனுக்களையும் அதே மாதிரி எழுதினேன்.

விசாரணையன்று மிராசுதார் எடுத்த எடுப்பிலேயே, "எல்லாம் என் தயவுல இருக்கவங்கதான்" என்றார். "அவங்க அப்படிச் சொல்லலையே" என்றார் அதிகாரி. மிராசுதாரின் வக்கீல் மனுவை முன்னும் பின்னும் புரட்டித் தயவைத் தேடினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பட்டா கைக்கு வந்த அன்று அந்தப் பெண் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நேராகத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் சிரித்துவிட்டார்.

"அடுத்து கூலிக்கு மனு போடணும் சார். வாங்க, நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."