ஆமென் சொல்லும்வரை

எங்கள் அப்பா எங்களை அடித்ததில்லை. ஜெபம் பண்ணுவார். அடி வாங்கிய பிள்ளைகள் எங்கள் தெருவில் நிறைய இருந்தார்கள். அழுது முடித்ததும் விளையாடப் போய்விடுவார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாலையில் விளக்கேற்றி, பாட்டு ஒன்று பாடி, வேதம் வாசித்து, எல்லாரும் முழங்காலில் நின்று கண்ணை மூடியபின் அப்பா ஆரம்பிப்பார்: "ஆண்டவரே, இந்த வீட்டிலே ஓர் ஆத்துமா இன்று வெல்லத்தைத் திருடித் தின்று பொய்யும் சொல்லியிருக்கிறது." பேர் சொல்லமாட்டார். சொல்லவும் வேண்டியதில்லை. ஜெபத்துக்கு நடுவில் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. அது வீட்டுச் சட்டம். நான் இல்லை, தம்பிதான் என்று சொல்ல முடியாது. கடைசியில் திருடியவனும் திருடாதவனும் சேர்ந்து ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவோம்.

எனக்குக் கல்யாணமாகி, சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு வீடு பிடித்து, நானும் ஒரு குடும்பத்துக்குத் தலைவன் ஆனபோது, அப்பாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஜெபம்தான். எட்டாவது வரைக்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். மில்லில் பஞ்சுப் பொதி நிறுக்கிற வேலை. மேஸ்திரியிடம் அரை நாள் லீவு கேட்கக்கூட எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கண்ணை மூடிவிட்டால் போதும், வைகையில் வெள்ளம் வந்த மாதிரி வார்த்தை வரும். சபையார் என்னை ஜெப வரம் உள்ளவர் என்று சொல்லுவார்கள். யார் வீட்டில் கூட்டம் நடந்தாலும் கடைசி ஜெபம் எனக்குத்தான். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இதை எழுதுவது என் தங்கையை நினைத்து. அவள் இதே ஊரில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பெண்கள் பக்கம் வாசலை ஒட்டி உட்காருவாள். பாதிரி ஐயர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கும்போது அந்த இடம் காலியாக இருக்கும்.

அவளை மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். மூன்றாம் வருஷம் அந்த ஊரில் வாந்திபேதி வந்து இரண்டே நாளில் வாத்தியார் போய்விட்டார். பிள்ளை இல்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு தகரப்பெட்டியோடு மாட்டுவண்டியில் என் வாசலில் வந்து இறங்கினாள். என் மனைவி பெட்டியைப் பார்த்துவிட்டு, "வரட்டும், எனக்கும் ஒரு கை ஆச்சு" என்றாள். அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எங்களுக்கு அப்போது மூன்று பிள்ளைகள்.

தங்கை அந்த ஒரு கையாகத்தான் இருந்தாள். மில் சங்கு ஊதுமுன் எழுந்து வைகை மணலில் ஊற்றுத் தோண்டி, இரண்டு நடையாக நாலு குடம் தண்ணீர் கொண்டுவருவாள். பிறகு அரைப்பது, துவைப்பது, கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டுவது, எல்லாம் அவள்தான். இரண்டு பெண்கள் ஒரு அடுப்படியில் இருந்தால் பால் பொங்கி வழிந்தது யாரால், அரிசியில் கல் கிடந்தது யாரால் என்று வரத்தானே செய்யும். நான் வேலை விட்டு வந்து காலைக் கழுவும்போதே மனைவி சொல்லிவிடுவாள். நான் தங்கையைக் கூப்பிட்டு ஒரு நாளும் விசாரித்ததில்லை. விசாரித்தால் அவளும் ஏதாவது சொல்லுவாள், பிறகு நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஜெபத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. "கவனக்குறைவான கைகளை மன்னியும் ஆண்டவரே" என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. அவளும் ஆமென் சொல்லுவாள்.

ஒரு நாள் என் மூத்த மகள், அப்போது அவளுக்கு ஏழு வயது, இன்றைக்குத் தானே ஜெபம் பண்ணுவேன் என்று அடம் பிடித்தாள். சந்தோஷமாக விட்டேன். கையைக் கூப்பி, என் குரலிலேயே இழுத்து ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, இந்த வீட்டிலே ஓர் ஆத்துமா தோசை மாவுல உப்ப ரெண்டு தடவ போட்டுட்டு, அத்தை போட்டாங்கன்னு சொல்லுது. அம்மாவ மன்னியும்."

என் தங்கை சிரித்துவிட்டாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபின் நான் கேட்ட ஒரே சிரிப்பு. என் மனைவி ஆமென் வரும்வரை பொறுத்திருந்து, அப்புறம் பிள்ளையின் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டது பிள்ளையை, பார்த்தது என் தங்கையை. மறுநாள் ஜெபத்தில் நான், சிறு பிள்ளைகளின் மனதில் விஷம் விதைக்கிற நாவைக் கட்டியருளும் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை உபதேசியார் என்னைத் தனியே கூப்பிட்டார். விளாங்குடியில் ஒரு கொத்தனார், நம் சபைக்காரர், மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர், இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது, உங்கள் தங்கையைக் கேட்கிறார்கள் என்றார். வேதத்தில் தடையில்லை, வாழ வேண்டிய வயசு என்றும் சொன்னார். அவர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க பாத்து எது சொன்னாலும் சரிண்ணே" என்று உள்ளே போனாள். அடுப்படி வாசலில் நின்று திரும்பி, "எனக்குச் சம்மதந்தாண்ணே" என்றாள். அன்று மாலைப் பாட்டில் அவள் குரல் தனியாகக் கேட்டது. அவளுக்கு அவ்வளவு நல்ல குரல் என்பதை மறந்திருந்தேன்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி என் முன்னால் வந்து நின்றாள். நாலாவது பிள்ளை அவள் வயிற்றில்.

"அவ போயிட்டா இந்த வீட்ல தண்ணி யாரு எடுப்பா? எனக்கு மாசம் ஆறு. ஒங்க ஜெபம் வந்து பானைய நெரப்புமா?"

நான் மதியச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஆனால் அன்று பொதி நிறுக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சுத்தான் மண்டைக்குள் ஓடியது. மாமியார் வீடு எப்படியோ, மாற்றாந்தாய் என்ற பேர் வேறு, பாவம், இங்கேயே நிம்மதியாக இருக்கட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் அது எனக்கு அன்பு மாதிரியே தெரிய ஆரம்பித்துவிட்டது.

விதவைக்கு இரண்டாம் கல்யாணம் என்றால் தட்டுத் தாம்பூலம் வைத்துப் பெண் பார்க்க வருவதில்லை. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். கொத்தனாரின் அக்கா கூட்டத்துக்கு வந்த மாதிரி வந்தார். குடை, வெள்ளைச் சேலை, எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிற கண். என் தங்கை பாய் விரிக்கும்போது, "தண்ணிக்கு ரொம்பத் தூரம் போகணுமாத்தா?" என்று கேட்டார். "இல்ல மதினி, கிட்டத்தான்" என்றாள் இவள். புருஷனின் அக்காளைக் கூப்பிடுகிற சொல். அது வாயில் வந்துவிட்டதே என்று அவள் முகம் சிவந்தது. அந்த அம்மாளும் சிரித்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது. கடைசி ஜெபம் எனக்கு. மழைக்காக வேண்டினேன், சீமையில் இருக்கிற சக்கரவர்த்திக்காக வேண்டினேன், வியாதியஸ்தர்களுக்காக வேண்டினேன். எல்லாருடைய கண்ணும் மூடியிருந்தது. அப்புறம் சொன்னேன்:

"ஆண்டவரே, இந்தக் கூரையின் கீழே விதவைக் கோலத்தில் இருக்கிற ஓர் ஆத்துமாவை நினைத்தருளும். வாலிபத்தின் இச்சைகளுக்கு அவளை விலக்கிக் காத்தருளும். ஆற்றங்கரையிலே அவள் கால் இனி ஒருபோதும் தடுமாறாதபடி பார்த்துக்கொள்ளும். நடந்தவைகளை உமது பெரிய கிருபையினாலே மன்னியும்."

நடந்தது ஒன்றும் இல்லை. ஆற்றங்கரையில் அவள் தண்ணீர் எடுத்தாள், வந்தாள். அவ்வளவுதான். இனி என்று ஒரு சொல், நடந்தவைகளை என்று ஒரு சொல். நான் பொய் சொல்லவில்லை, வேண்டிக்கொள்ளத்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்குள் வாதாடியிருக்கிறேன். எத்தனையோ ஆயிரம் ஜெபம் பண்ணியவன் நான். ஆண்டவர் அங்கே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு மட்டும் எனக்கு வந்ததில்லை. நான் பேசியதெல்லாம் அந்த அறையில் முழங்காலில் நின்றவர்களிடம்.

எல்லாரும் ஆமென் என்றார்கள். என் தங்கையும் சொன்னாள். சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தமாகும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னாலும் அதே அர்த்தம்தான்.

அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மாள் தம்ளரைத் தொடவில்லை. விளாங்குடிக்குப் போகணும், நேரமாச்சு என்று குடையை எடுத்துக்கொண்டார். ஆறிப்போன காப்பியைத் தங்கையே எடுத்துப்போய்க் கொட்டினாள்.

ஒரு வாரம் கழித்து உபதேசியார் மில் வாசலுக்கே வந்தார். "ஜெபத்துல கேட்டது அவுகளுக்கு உறுத்துது தம்பி. ஆத்தங்கரையில என்ன வெவகாரம்னு கேக்குறாக. ஒண்ணும் இல்லைல்ல?"

ஒன்றும் இல்லை ஐயா என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கும் காரியம் கெட்டிருக்காது. அவர் அதைக் கேட்கத்தான் வெயிலில் நடந்து வந்திருந்தார்.

"எல்லாம் ஆண்டவருக்குத் தெரியும் ஐயா" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

நாலு மாதத்தில் கொத்தனாருக்கு வேறு பெண் அமைந்தது. மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பு வாசித்து, தடை சொல்லுகிறவர்கள் உண்டா என்று கேட்டார்கள். மூன்று ஞாயிறும் என் தங்கை கைக்குழந்தையாக இருந்த என் நாலாவது பிள்ளையை மடியில் தட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் நாலு குடம் வந்தது. சோறு நேரத்துக்கு வெந்தது.

ஒரு மாலை ஜெபத்தின் நடுவே எனக்கு இருமல் வந்து கண் திறந்துகொண்டது. எதிரே முழங்காலில் என் தங்கை. கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தராசு முள் ஓயும்வரை நான் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தாள். மறுநாள் வேண்டுமென்றே திறந்து பார்த்தேன். அதே பார்வை. "தேவ சமுகத்தில் மூடாத கண்களை மன்னியும்" என்றுகூட ஒரு நாள் ஜெபித்துப் பார்த்தேன். இமை அசையவில்லை. ஆமென் மட்டும் எல்லாரோடும் சேர்ந்து சொன்னாள். ஒரு வருஷம் போல நான் அந்தக் கண்களுக்கு முன்னால் ஜெபித்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பாடு முடிந்து வட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள். பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கேட்டிருந்தேன், கொடுத்துவிட்டார்கள், அங்கேயே தங்கல், இன்றைக்கே போகிறேன் என்றாள். உத்தரவு கேட்கிற குரல் இல்லை. தகரப்பெட்டி ஏற்கனவே வாசல் பக்கம் இருந்தது.

எங்கள் வீட்டில் யார் வெளியூர் போனாலும் ஜெபம் பண்ணாமல் படி இறங்குவதில்லை. எனக்கு வேறு எதுவும் செய்யவும் தெரியாது. "எல்லாரும் வாங்க, ஜெபம் பண்ணுவோம்" என்றேன்.

"பண்ணுங்க. ஜெபத்துல என்னையச் சொல்லாதீங்கண்ணே" என்றாள்.

அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

கண்ணை மூடினேன். சொல்லக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். ஸ்தோத்திரம் சொன்னேன், பிள்ளைகளுக்காகச் சொன்னேன். நாக்கு தன் பாட்டுக்குப் பழகிய தடத்தில் போனது. "ஆண்டவரே, இந்த வீட்டை விட்டுப் புறப்படுகிற ஓர் ஆத்துமா" என்று வந்துவிட்டது.

தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம் கேட்டது. பெட்டியின் கைப்பிடி ஒரு தடவை தகரத்தில் இடித்தது. செருப்பில்லாத கால் படி இறங்கினால் சத்தம் வராது. ஆனால் கதவு திறந்ததும் தெருவின் வெக்கை என் முகத்தில் பட்டது. நான் நிறுத்தியிருக்கலாம். தங்கச்சி, நில்லு என்று சொல்லியிருக்கலாம். சந்து முனை வரைக்கும்தான், ஓடினால் பிடித்துவிடலாம். ஆனால் கண்ணைத் திறந்தால் அவள் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டுமே. நான் ஜெபத்தை நீட்டினேன். மழைக்காக ஜெபித்தேன். சக்கரவர்த்திக்காக ஜெபித்தேன். மில்லுக்காகவும் மேஸ்திரிக்காகவும் ஜெபித்தேன். இனி ஜெபிக்க ஆள் இல்லை என்றானபின் ஆமென் சொன்னேன்.

மனைவியும் பிள்ளைகளும் ஆமென் என்றார்கள். கதவு விரியத் திறந்திருந்தது.

"அத்தை போயி எம்புட்டு நேரமாச்சு. நீங்க ஏம்ப்பா நிறுத்தல?" என்றாள் என் மூத்த மகள்.

"ஜெபத்துக்கு நடுவுல கண்ணத் தொறக்கக் கூடாதுத்தா."

"நான் தொறந்துதான் இருந்தேன். அத்தை எனக்குக் கையக் காட்டிட்டுத்தான் போனாங்க."

நான் முழங்காலிலேயே இருந்தேன். என் மனைவி எழுந்து அடுப்படிக்குள் போனாள். குடம் உருளுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, காலிக் குடத்தை என் முன்னால் வைத்தாள்.