மாப்பிள்ளைக்கு வைத்த பரீட்சை

எங்கள் நாய்க்கு மாப்பிள்ளை பார்த்த கதையை என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அவர் சொல்லும் கதையில் நான் கொஞ்சம் மக்காகவே இருப்பேன். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

அவள் புல் டெரியர் ஜாதி. முட்டையைப் படுக்கவைத்த மாதிரி முகம், சின்ன முக்கோணக் கண்கள், உருட்டுக்கட்டை உடம்பு. முழுக்க வெள்ளை, இடது கண்ணைச் சுற்றி மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. அந்தமானில் எங்கள் பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் அவளைப் பார்த்து "யே குத்தா ஹை யா ஸுவர்?" என்று கேட்காத ஆள் கிடையாது. நாயா பன்றியா என்று கேட்கிறவரிடம், உங்களைப் பார்த்து நான் எதுவும் கேட்டேனா என்று திருப்பிக் கேட்பேன். பாதிப்பேர் அதோடு எங்களோடு ஏறாமல் அடுத்த ஃபெர்ரிப் படகுக்குக் காத்திருப்பார்கள்.

சென்னையில் இருக்கும் என் தங்கை, யாரோ கொடுத்த குட்டியை அடுக்குமாடி வீட்டில் வளர்க்க முடியாமல், இந்தப் பக்கம் வந்த ஒரு குடும்பத்தோடு கப்பலில் கூண்டு போட்டு அனுப்பிவிட்டாள். மூன்று நாள் கடலுக்குப் பிறகு குட்டி வாந்தி நாற்றத்தோடு இறங்கியது. கூட ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. தாய் யார், தகப்பன் யார், ஒன்றும் தெரியாது. இத்தனைக்கும் நான் வண்டிகளுக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்தில் கிளார்க். ஒரு லாரிக்கு ஒரு காகிதம் குறைந்தாலும் ஃபைலைத் திருப்பித் தள்ளுகிறவள். அன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?

எங்களுடையது மரவீடு, தரையெல்லாம் பலகை. என் வீட்டுக்காரர் முப்பது வருடம் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து, காதை அங்கேயே விட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆகவே இந்த வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டுமென்றாலும் பலகையை ஓங்கி ஒரு மிதி மிதிப்போம். அதிர்வு காலில் பட்டு அவர் திரும்புவார். குட்டிக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. மிதித்துக்கொண்டே பேரைச் சொன்னால் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வருவாள்.

வாசலில் இறங்கிவிட்டாலோ கதை வேறு. எவ்வளவு கத்தினாலும் வரமாட்டாள். என் அப்பா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் ஆள் மேய்த்தவர். அவருடைய குரல்தான் எனக்கு. நான் திட்டினால் அக்கரையில் சாத்தம் வரைக்கும் கேட்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவளோ தேங்காய் மட்டையை முகர்ந்துகொண்டு, என்னை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் நிற்பாள். இந்த ஜாதி பிடிவாதம் பிடிக்கும் என்று போனில் படித்திருந்தேன். நல்ல ரத்தம், அதுதான் இவ்வளவு திமிர் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. பிடிவாதத்துக்காக இரண்டு தடவை செய்தித்தாளைச் சுருட்டி முதுகில் போட்டிருக்கிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெருமைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஃபெர்ரி ஹாரனுக்குப் பெரிய ஆட்களே திடுக்கிடுவார்கள். இவள் கண்ணை இமைக்க மாட்டாள். தீபாவளிக்கு ஊர் நாய்களெல்லாம் கட்டிலுக்கடியில் கிடக்க, இவள் வெடிச் சத்தத்தில் குறட்டை விட்டாள். இரும்பு நரம்பு என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். என் வயிற்றெரிச்சல் ஒன்றே ஒன்றுதான். என் சொல்லுக்கு அசையாதவள், என் வீட்டுக்காரர் உள்ளங்கையைக் காட்டினால் உட்காருவாள், விரலை மடக்கினால் வருவாள். எஞ்சின் அறை இரைச்சலில் அவர்களெல்லாம் கையால்தான் பேசிக்கொள்வார்களாம். அந்தப் பழக்கத்தை அவளிடம் காட்டி அவளைக் கெடுத்துவைத்திருக்கிறார் என்று சண்டை போட்டிருக்கிறேன். அவர் பாதியைத்தான் கேட்டார்.

அவளுக்கு மூன்று வயதானபோது எனக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. அவளுடைய குட்டி ஒன்று எனக்கு வேண்டும். நாயின் ஆயுள் நமக்குத் தெரிந்ததுதானே. அவள் போன பிறகு அவள் முகத்தோடு ஒன்று இந்தப் பலகையில் நடக்க வேண்டும். நாற்பது வயதில் பட்டுப்புடவைக்கு ஆசைப்பட்டதற்குப் பிறகு நான் இவ்வளவு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

ஆனால் கண்டவனுக்கும் குட்டியைத் தூக்கிக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. இது தாடை பலமான ஜாதி. கட்டிப்போட்டு, கல்லெறிந்து வளர்த்தால் ஊருக்கே ஆபத்து. குட்டி கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் நேரில் போய் வேலி, கேட், நிழல், யார் நடக்கக் கூட்டிப்போவார்கள் என்று எல்லாம் பார்த்தேன். என் மேலதிகாரி வீட்டு மதில் என் இடுப்பளவுதான் இருந்தது. மதிலை உயர்த்திவிட்டு மனு போடுங்கள் சார் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு வாரம் என் லீவு ஃபைலில் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் நாலு வீடு தேறின.

மாப்பிள்ளை சிப்பிகாட்டில் கிடைத்தான். ராமநாதபுரத்துக்கார கான்ட்ராக்டர் ஒருவர் வளர்க்கிற புல் டெரியர், தலை முதல் வால் வரை சுத்த வெள்ளை. போனில் பேசும்போதே தகராறு ஆரம்பித்தது.

"என்னைக்கு வர்றீங்க பொண்ணைப் பார்க்க?" என்று கேட்டேன்.

"நாய்ல பொண்ணுதான்க்கா மாப்பிள்ளை வீட்டுக்கு வரணும். மெயின்லேண்ட்ல எல்லாம் அப்பிடித்தான்."

"எங்க வழக்கத்துல பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வாசப்படி ஏறிப் போய் நிக்காது தம்பி."

"அக்கா, இது நாய்க்கா."

"நாய்னாலும் என் வீட்டுப் பொண்ணு."

ஒரு வாரம் இப்படியே இழுத்து, பொது இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பொது இடம் என்றால் போர்ட் பிளேயரில் இருக்கும் மிருக ஆஸ்பத்திரி. அங்கேயே இரண்டையும் டாக்டரம்மா பரிசோதிக்கட்டும், தேறினால் மேற்கொண்டு பேசலாம் என்று நிபந்தனை போட்டேன். என் கணக்கில் பரீட்சை மாப்பிள்ளைக்குத்தான்.

அதற்காக ஒரு படிவம் தயாரித்தேன். அலுவலகத்தில் லாரிக்கு வைத்திருக்கிற படிவத்தையே எடுத்து, முகப்பு விளக்கு இருந்த இடத்தில் கண், எஞ்சின் இருந்த இடத்தில் இதயம், சக்கரம் இருந்த இடத்தில் முழங்கால் சில்லு, ரேடியேட்டருக்குச் சிறுநீரகம், பெயின்டுக்குத் தோல் என்று மாற்றினேன். பல், சுபாவம், வயது எல்லாம் சேர்ந்து எட்டு வரி வந்தது. ஒன்பதாவது வரி என் சொந்தச் சேர்க்கை. லாரிக்குக் காது கிடையாது. ஆனால் இந்த ஜாதியில் சுத்த வெள்ளையாகப் பிறக்கிறவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காமல் போக வாய்ப்பு அதிகம் என்று படித்திருந்தேன். மாப்பிள்ளை சுத்த வெள்ளை. நம்மவளுக்குத்தான் கண்ணில் திட்டு இருக்கிறதே. "செவித்திறன்" என்று டைப் அடிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

குறித்த நாளில் அவளுக்கு வாய்க்கூடு மாட்டி, வெயிலுக்கு மூக்கில் களிம்பு தடவி ஃபெர்ரியில் கூட்டிப்போனோம். மாப்பிள்ளை முன்னாலேயே வந்திருந்தான். வாட்டசாட்டமான பையன். ஒருவரை ஒருவர் பின்பக்கமாக முகர்ந்து பார்த்து, பிடித்துப்போய்விட்டது. மனிதர்களில் இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் தரகர்கள் பட்டினி கிடப்பார்கள்.

டாக்டரம்மா வங்காளி, எல்லாரிடமும் ஹிந்திதான். என் படிவத்தைப் பார்த்துவிட்டு, "தீதி, யே டிரக் கே லியே ஹை க்யா?" என்று கேட்டார். லாரிக்கில்லை, நாய்க்குத்தான் என்று விளக்கினேன். அவர் சிரிக்காமல் ஒவ்வொரு வரியாகப் பார்க்க ஆரம்பித்தார். கான்ட்ராக்டர் மட்டும், "படிவம் ரெண்டு எடுங்கக்கா. ரெண்டு பக்கமும் பார்க்கணும்ல" என்றார். தாராளமாக என்று இன்னொரு பிரதியை நீட்டினேன்.

எட்டு வரியிலும் அவள் சிங்கம். இதயம் சுத்தம், முழங்கால் உறுதி, தோலில் ஒரு குறை இல்லை. மாப்பிள்ளைக்குப் பல்லில் காரை படிந்திருந்தது. "தேய்த்துவிடுங்க தம்பி" என்று சொல்லி, அவர் முகம் போன போக்கைப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்பதாவது வரிக்கு டாக்டரம்மா ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையின் முதுகுப் பக்கம், அவன் கண்ணில் படாமல் போய் நின்றார். டங்கென்று ஒரு தட்டு. மாப்பிள்ளை துள்ளிப்போய் என் வீட்டுக்காரர் மடியில் ஏறிவிட்டான். பிறகு எங்கள் பெண். டங். அவள் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பலமாக டங். பல்லி ஓடியது. அவள் பல்லி போன திசையைப் பார்த்தாள்.

"பிடிவாதம் டாக்டர்" என்றேன். "ஜித்தி ஹை."

நீங்களே கூப்பிடுங்கள் என்றார். நான் அவள் பின்னால் போய் நின்று, வழக்கம்போலக் காலை ஓங்கி மிதித்து அவள் பேரைச் சொன்னேன். சிமென்ட் தரை. அதிரவில்லை. அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவை என் முழுக்குரலில் கூப்பிட்டேன். வெளியே கட்டியிருந்த ஆடுகூடக் கத்தியது. அவள் பல்லி போன இடத்தையே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிடத்தில் எல்லாம் புரிந்தது. அவள் பேரைக் கேட்டு வந்தவள் இல்லை, பலகை அதிர்ந்து வந்தவள். படியில் யாராவது கால் வைத்தால் குரைப்பாளே தவிர, கேட் கிறீச்சிட்டதற்கு ஒரு நாளும் குரைத்ததில்லை. இரும்பு நரம்பும் இல்லை, திமிரும் இல்லை. அந்த இரண்டு செய்தித்தாள் அடிகள் நினைவுக்கு வந்தபோது அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இது பிறவிக் குறை, ரத்தத்தில் வருவது, குட்டிகளில் சிலதுக்குக் கேட்கும், சிலதுக்குக் கேட்காது, என்னைக் கேட்டால் குட்டி போட விடக்கூடாது என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். கான்ட்ராக்டர் என்னைக் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது.

"காது ஒண்ணுதானக்கா, மத்ததெல்லாம் பாஸ்" என்றார். "என் பயலுக்குத்தான் நல்லாக் கேக்குதே. நாம நாலு பேருக்கும் தெரிஞ்சதோட இருக்கட்டும். சலேகா, ஓடிரும்க்கா."

பேனா என் கையில் இருந்தது. ஒரு நிமிடம் எழுதாமல் நின்றேன், பொய் சொல்லமாட்டேன். ஒரே ஒரு குட்டி. எனக்குக் கேட்காத குட்டி வந்தாலும் வளர்க்கத் தெரியும். மற்ற நாலு வீட்டுக்கும்? வேலியைப் பார்த்தேன், மதிலைப் பார்த்தேன், அந்த வீட்டு மனிதர்கள் கூப்பிட்டதற்கு வராத நாயை என்ன செய்வார்கள் என்று யார் பார்ப்பது? நாய்ப்பாசம் பொங்கி வழிகிற நானே அடித்திருக்கிறேன். ஒன்பதாவது வரியில் "கேட்கவில்லை" என்றும் அடியில் "தகுதி இல்லை" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ பேர் வண்டியைத் தள்ளுபடி செய்திருக்கிறேன். அவர்கள் ஏன் கவுன்டரில் அப்படி முறைத்தார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

ஃபெர்ரியில் திரும்பும்போது படிவத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தேன். என் வீட்டுக்காரர் அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மூணு வருஷமா நீ திட்டினது எதுவும் அவளுக்குப் போய்ச் சேரலை. இந்த பாம்பூஃப்ளாட்லயே உன்னைச் சாந்த சொரூபின்னு நம்புற ஒரே ஜீவன் அவதான்."

கோபத்தில் திரும்பினேன்; சிரிப்பு வந்துவிட்டது, பின்னாலேயே அழுகையும் வந்தது. பக்கத்தில் இருந்தவர் நாய் கடித்துவிட்டதோ என்று எழுந்து தள்ளிப் போனார்.

அன்று முதல் என் வீட்டுக்காரரிடம் கைப்பாஷை கற்றுக்கொள்கிறேன். உள்ளங்கை காட்டினால் உட்கார். விரல் மடக்கினால் வா. கட்டைவிரல் தூக்கினால் சபாஷ். நான் சைகை காட்டும்போது வாயும் கூடவே கத்துகிறது, அதை நிறுத்த முடியவில்லை. ஆனால் முதல் தடவை வாசலில் விரலை மடக்கி அவள் தேங்காய் மட்டையை விட்டுவிட்டு ஓடி வந்தபோது, எனக்கு ஊரையே கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கருத்தடை அறுவைக்காக அதே ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனோம். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. ஊசி போட மேஜையில் ஏற்றினார்கள். அதுவரைக்கும் எதற்கும் பயப்படாதவள், அன்று பின்னங்கால் இரண்டும் நடுங்க என்னைத் தேடினாள். நான் எனக்குத் தெரிந்த சைகையை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். உட்கார், வா, நில், சபாஷ். வேண்டியது அதில் இல்லை.

"பயப்படாதேன்னு சொல்றதுக்கு என்ன சைகை?" என்று என் வீட்டுக்காரர் கண்ணுக்கு நேரே போய்க் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எஞ்சின் ரூம்ல அதுக்குச் சைகை கிடையாது" என்றார். "கிட்டப் போய் நிப்போம்."

நான் வாயை மூடிக்கொண்டு கிட்டப் போய் நின்றேன்.