பஸ்ஸில் கொடுத்த பரிந்துரை

ஒத்தக்கடையில் இன்று பஸ் ஏறியதும் ஒரு மருத்துவமனை மேலாளர் போனில் அழைத்தார். ஓய்வுக்குப் பிறகு நான் உதவிக்குப் போகும் குடிநோய் சிகிச்சை மையத்தில், சமூகப்பணி மாணவி கார்த்திகா பயிற்சி முடித்திருக்கிறாள். அவளை வேலைக்கு எடுக்கலாமா என்று கேட்டார்.

“ரொம்ப அமைதியா இருக்காங்களே டீச்சர். குடும்பங்களச் சமாளிப்பாங்களா?”

ஓர் உதாரணம் சொன்னேன்.

ஒருவர் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன வாரமே அவர் மகளுக்குக் காதுகுத்து. கறிவிருந்து என்றால் பாட்டிலும் வரும். நாங்கள் எல்லாரும் அவருக்கே புத்தி சொல்லிக்கொண்டிருந்தோம்.

கார்த்திகா மட்டும், அவர் சம்மதத்தோடு, குழந்தையின் தாய்மாமனிடம் பேசினாள். “அண்ணே, புள்ளைய உங்க மடியில வச்சுத்தான காது குத்துவாக? பாட்டில் வந்தா மடி கெடையாதுன்னு சொல்லிருங்க.”

தாய்மாமன் அப்படியே சொன்னார். விருந்துக்குப் பாட்டில் வரவில்லை.

பக்கத்து இருக்கை அக்கா என் கையைத் தொட்டார். “ஏங்க, அந்தப் புள்ள எந்த ஆஸ்பத்திரிக்கு வருது? எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரு.”

“கேட்டுச்சா சார்?” என்றேன் போனில்.

சிரித்துவிட்டார். “திங்கக்கிழமை சேரச் சொல்லுங்க டீச்சர். எழுத்துல ஒரு பரிந்துரையும் வேணும்.”

அதில் அந்த அக்காவையே கையெழுத்துப் போடச் சொல்லலாமா? என்ன நினைக்கிறீர்கள்?