பிரேக்கில் இருந்த கால்

நான் புலம்பெயர்ந்து வந்த புருசெத் நகரில், எங்கள் கட்டடத்துக் கராஜில், மேல்வீட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவருடைய மோட்டார் சைக்கிள் என்னுடையதற்குப் பக்கத்தில் நிற்கும். அது சத்தமே போடாது. என்னுடையது ஒவ்வொரு சிக்னலிலும் கிறீச்சிட்டு ஊரைக் கூட்டும். எனக்கு வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவப்பு ஜாக்கெட்டும் தொந்தியுமாக அவரே வந்து குந்தி, என் பின் பிரேக் கட்டையைக் கழற்றினார். அது கண்ணாடிபோல மினுங்கியது. சாண்ட் பேப்பரால் தேய்த்து மாட்டினார். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"ஓடேக்கை உங்கடை வலது கால் எங்கை இருக்கும்?"

"பிரேக்கிலைதான். ஊர்ப் பழக்கம். காவல் சென்றியிலை ஆமிக்காரன் கை காட்டின உடனை நிக்காட்டிச் சுட்டுப்போடுவான்."

"அதுதான் கட்டை உரஞ்சி உரஞ்சிக் கத்துது. நானும் அங்கை அப்பிடித்தான் ஓடினனான். இஞ்சை வந்து காலை எடுத்திட்டன்."

"எப்பிடி எடுத்தனீங்கள்?"

அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "எடுத்தால் சரிதானே!" என்று சிரித்தார்.

சத்தம் நின்றது. கோடை முடிவதற்குள் திரும்பி வந்தது.

அவர் என்னை முந்திப் போகும்போதெல்லாம் நான் அந்த வண்டியைப் பார்ப்பதில்லை. மிதிபடியில் நித்திரை கொள்வதுபோலக் கிடக்கும் அந்த வலது காலைத்தான் பார்ப்பேன்.