பாலன் குடிலுக்கு ஒரு பிள்ளை

பழைய நாவல்களில், தகப்பன் யாரென்று தெரியாத பிள்ளைக்கு வேலை அதிகம். பிறக்கும்போதே இடி இடிக்க வேண்டும். கண்ணில் ஏதோ ஓர் ஒளி இருக்க வேண்டும். விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்க வேண்டும். கடைசி அத்தியாயத்துக்கு முந்தினதில் காய்ச்சல் வந்து செத்துப்போகவும் வேண்டும். அப்போதுதான் தாய் அழுது புனிதமாவாள். மன்னார் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தர வகுப்புக்கு இலக்கியம் படிப்பிக்கிறேன். தாயின் பாவத்துக்குக் குழந்தை எவ்வாறு குறியீடாகிறது, விளக்குக என்று வருடந்தோறும் கேள்வி போட்டு, வருடந்தோறும் புள்ளியும் போடுகிறேன். குறியீடே வெண்கட்டியோடு கரும்பலகைக்கு முன்னால் நிற்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

நானும் அப்படிப் பிறந்தவள்தான். மன்னார்த் தீவின் கரையோரக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில், கலியாணம் கட்டாத தாய்க்கு. ஆனால் நாவலுக்கு நான் கொஞ்சமும் உதவவில்லை. மாரி காலமாக இருந்தும் அன்று நல்ல வெயிலாம். காய்ச்சல் வந்தால் மருந்து குடித்துவிட்டு மறுநாள் எழும்பிவிடுவேன். கேள்வி கேட்டது உண்மை. இன்னோர் அப்பம் இருக்கிறதா என்பதுதான் அது. ஊர்தான் விடவில்லை. வீட்டுக்கு வரும் பெண்கள் முதலில் என் மூக்கைத்தான் பார்ப்பார்கள். தங்கள் வீட்டுக்காரரின் மூக்கு இல்லை என்று உறுதியான பிறகு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பார்கள். அம்மா கடைசிவரை ஒரு பெயரும் சொல்லாததால், மூக்குள்ள ஆண்கள் எல்லாரும் கொஞ்சக் காலம் ஒழுங்காக நடந்தார்கள் என்று கேள்வி.

எங்கள் ஊரில் நத்தார் அன்று பின்னேரம், இயேசு பிறந்த கதை கோயில் முற்றத்தில் நாடகமாக நடக்கும். குடிலில் பாலன் இயேசுவாகக் கிடத்துவது பொம்மையை அல்ல, அந்த வருடம் ஊரில் கடைசியாகப் பிறந்த பிள்ளையை. அந்த வீட்டுக்கு அது பெரிய பெருமை. நான் பிறந்த வருடம் கடைசிப் பிள்ளை நான்தான். கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் உடனே கூட்டம் கூட்டினார்.

"தகப்பன் ஆரெண்டு தெரியாத பிள்ளையைப் பாலனாக் கிடத்தேலாது," என்று முடிவு சொன்னாராம். சொன்னது, இயேசுவின் வளர்ப்புத் தகப்பன் சூசையப்பரின் சுரூபத்துக்குப் பக்கத்தில் நின்று. ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்குப் பதிலாக மூப்பரின் பேரன் கிடத்தப்பட்டான். எட்டு மாதக் குண்டுப் பிள்ளை. மூன்று இராசாக்கள் வந்து சேருமுன்னரே பாலன் எழும்பி உட்கார்ந்து சூசையப்பரின் தாடியைப் பிடுங்கிவிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும். நாடகத்துக்கு வேண்டிய கழுதைக்கு, மன்னார்த் தெருவில் அலைகிறவற்றில் ஒன்றைப் பிடித்து வருவார்கள். அதன் தாய் தகப்பனை இன்றுவரை யாரும் விசாரித்ததில்லை.

போன நத்தாருக்குக் கடைசிப் பிள்ளை பிறந்தது என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு. ஆடைத் தொழிற்சாலை வேலைக்கென்று கொழும்புப் பக்கம் போனவள் வயிற்றோடு திரும்பி வந்தாள். கலியாணம் இல்லை. அவளும் பெயர் சொல்லவில்லை. நான் இப்போது கோயில் பங்குச்சபையில் இருக்கிறேன். ஊர் முன்னேறிவிட்டது என்று காட்ட ஓர் ஆள் வேண்டுமே. இப்போதைய மூப்பர் படித்தவர், மரியாதையாகப் பேசுகிறவர். சபைக் கூட்டத்தில் அவர்தான் தொடங்கினார்.

"எங்களுக்கு ஒரு பிரச்சினையுமில்லை டீச்சர். சனம் என்ன சொல்லும் எண்டுதான் பாக்கிறம்."

"சனம் வேற எங்கயோ இருக்கோ? அப்ப இந்தக் கதிரையளில இருக்கிறது ஆர்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். பிறந்ததிலிருந்து தொண்டைக்குள் கிடந்த எல்லாவற்றையும் அன்று கொட்டினேன். பங்குக் குருவான சுவாமி நிலத்தைப் பார்த்தபடி, "டீச்சர் சொல்லுறது சரிதான்," என்றார். பிள்ளையைக் கிடத்துவதென்று தீர்மானமானது. என் கலியாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை, குடிலில் பிள்ளையைச் சுற்ற மெல்லிய வெள்ளைத் துணி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பாயில் இருந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே தொடங்கிவிட்டேன். கூட்டத்தில் நான் கேட்ட கேள்வி, மூப்பர் வாயடைத்துப் போனது, இனிமேல் இந்த ஊரில் ஒரு பிள்ளையையும் ஒருவரும் ஒதுக்க முடியாது என்பது, எல்லாம் சொன்னேன். நடுவில் வரலாறு என்ற சொல்லும் வந்தது.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "இருங்கோ டீச்சர்," என்று கதிரையைக் காட்டினாள். நான் இருந்ததும் சொன்னாள்: "நான் பிள்ளையைக் குடுக்க மாட்டன்."

"ஏன், பயமே? நான் பக்கத்தில நிப்பன்."

"பயமில்லை டீச்சர். சனம் இவவைப் பாத்துப் பாவம் எண்டு சொல்லும். நீங்கள் பாத்து வெற்றி எண்டு சொல்லுவீங்கள். உங்கட ரெண்டு பேற்ற சண்டைக்கும் நடுவில இவ வைக்கல்லில கிடந்து கத்த வேணுமோ?"

குறியீடு என்றால் என்னவென்று அவளுக்குப் படிப்பித்தவள் நான்தான். அவளுக்கு எத்தனை புள்ளி போட்டேன் என்பதுதான் ஞாபகமில்லை.

பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டு, கோபமே இல்லாமல் அவள் சொன்னாள்: "வந்த நேரம் தொடக்கம் பிள்ளையைப் பற்றித்தான் கதைக்கிறீங்கள். பேர் என்னெண்டு இன்னும் கேக்கேல்லை."

வெட்கமாக இருந்தது. கேட்டேன். சொல்லிவிட்டுப் பிள்ளையை என் கையில் தந்தாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. குடித்த பாலுக்கு ஓர் ஏவறை விட்டுவிட்டு நித்திரையாகிவிட்டது.